தூக்கிச் சென்ற வண்டிக்கு ரசீது எங்கே?

நம் மாவட்டத்தில் பல காவல் நிலையங்களில் வாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது, சுற்றுச்சுவர் ஓரத்தில் குவிந்து கிடக்கும் மோட்டார் சைக்கிள்கள்தான். சீட் கிழிந்து, டயர் மண்ணில் புதைந்து, டேங்க் துருவேறிக் கிடக்கின்றன. நடுவில் வேலிக்காத்தான் முளைத்திருக்கும். விபத்து வழக்கில் வந்த வண்டி, ஆவணம் இல்லை என்று பிடித்த வண்டி, திருடனிடமிருந்து மீட்ட வண்டி எல்லாம் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டார் மாதத் தவணை கட்டி வாங்கியது.

அந்த வண்டிகள் தாமாக அங்கே வந்து நிற்கவில்லை. சாலையிலிருந்து யாரோ தூக்கி வந்திருக்கிறார்கள். சில நேரம் கிரேன், சில நேரம் ரெக்கவரி வண்டி, கிராமப்புறத்தில் பெரும்பாலும் ஒரு குட்டி யானை. காவலர் போன் செய்ததும் வருகிற தனியார் வண்டி அது. அந்த வண்டியை யார் தேர்ந்தெடுத்தார்கள், கிலோமீட்டருக்கு எவ்வளவு, பணத்தை யாரிடம் கட்டுவது, ரசீது யார் தருவது என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைப்பது அரிது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சித்தப்பா கொடுத்த 2,500 ரூபாய்

என் சித்தப்பா மகன் பெயின்டர். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் இரவு, வேலை முடிந்து வரும்போது பின்னால் வந்த கார் அவன் வண்டியை இடித்துத் தள்ளியது. கையில் சிராய்ப்போடு தப்பினான். 108 ஆம்புலன்ஸில் அவனை ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். காரும் வண்டியும் காவல் நிலையத்துக்குப் போயின. வண்டியைக் குட்டி யானையில் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை சித்தப்பா நிலையத்துக்குப் போனார். வாசலிலேயே குட்டி யானைக்காரர் நின்றிருந்தார். 2,500 ரூபாய் கேட்டார். சம்பவ இடத்திலிருந்து நிலையம் 6 கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. "ரசீது குடுங்க தம்பி" என்றார் சித்தப்பா. "அதெல்லாம் ஸ்டேஷன்ல கேளுங்க" என்று பதில் வந்தது. உள்ளே போய்க் கேட்டால், "அது எங்க கணக்குல வராது, நீ வண்டிக்காரன்கிட்ட பேசிக்க" என்றார்கள். 62 வயது மனிதரை நீ, வா, போ என்றுதான் பேசினார்கள். அவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஐயா போட்டார். கடைசியில் மளிகைக் கடையில் கைமாற்று வாங்கி வந்து பணத்தைக் கொடுத்தார்.

நான்காம் நாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு வண்டிகளையும் பார்த்தார். மோதிய கார் அன்று மாலையே வெளியே போய்விட்டது. அதன் உரிமையாளருக்காகப் பேச ஊரில் ஆள் இருந்தது. அடிபட்டவனின் வண்டி அங்கேயே நின்றது. "கோர்ட்ல மனு போட்டு வாங்கிக்க" என்றார் ஸ்டேஷன் ரைட்டர். வண்டி வீட்டுக்கு வர 47 நாள் ஆனது. வந்தபோது பேட்டரி இல்லை, பெட்ரோல் இல்லை, ஒரு பக்கக் கண்ணாடியும் இல்லை.

அந்த 47 நாளும் பைனான்ஸ் டியூ நிற்கவில்லை. அவன் வேலை செய்த இடம் 22 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. காலை ஒன்பது மணிக்கு முன் அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. மேஸ்திரி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார். 2,500 ரூபாயில் ஆரம்பித்த இழப்பு எங்கே போய் முடிந்தது என்பதை அந்த வீட்டாரே இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

வண்டியை அப்புறப்படுத்தும் அதிகாரம் காவல் துறைக்கு வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. விபத்து நடந்த இடத்தில் கவிழ்ந்த வண்டி கிடந்தால் ஆம்புலன்ஸ் போக முடியாது; இருட்டில் அடுத்த வண்டி வந்து மோதும். மோட்டார் வாகனச் சட்டம், 1988 இதற்காகவே 127-ஆம் பிரிவை வைத்திருக்கிறது. பொது இடத்தில் 10 மணி நேரம் அல்லது அதற்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியையும், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய வண்டியையும், சீருடையில் உள்ள, அந்த எல்லைக்குட்பட்ட காவல் அதிகாரி அனுமதித்தால் இழுவை வண்டி கொண்டு அகற்றலாம். போக்குவரத்துக்கு ஆபத்தாகக் கிடக்கும் வண்டியை உடனே அகற்றலாம். இப்படி அகற்றினால், இழுத்துச் சென்ற செலவு முழுவதும் உரிமையாளர் பொறுப்பு என்கிறது அதே பிரிவு.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். செலவு முழுவதும் உரிமையாளர் தலையில். ஆனால் அந்தச் செலவு எவ்வளவு, அதை யார் முடிவு செய்வது, ரசீது யார் கொடுப்பது, வழியில் வண்டி சேதமானால் யார் பொறுப்பு என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் இல்லை. கடமை மட்டும் சட்டத்தில் இருக்கிறது. மற்றது எல்லாம் நிலைய வாசலில், வாய்ப்பேச்சில் முடிவாகிறது. பேசத் தெரிந்தவருக்கும் ஆள் தெரிந்தவருக்கும் ஒரு கட்டணம். கைகட்டி நிற்பவருக்கு வேறு கட்டணம்.

அதே சட்டம் மக்களுக்குச் சாதகமாகச் சொல்வதும் உண்டு. அது நிலையத்தில் யார் வாயிலிருந்தும் வருவதில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

விபத்தில் சிக்கிய வண்டியை ஆய்வுக்கு எடுத்துச் செல்வது பற்றிப் பேசுவது 136-ஆம் பிரிவு. எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதை உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆய்வு நடைமுறை முடிந்த பின் 24 மணி நேரத்துக்குள் வண்டியை உரிமையாளரிடமோ ஓட்டியவரிடமோ திருப்பித் தர வேண்டும். 24 மணி நேரம் எங்கே, 47 நாள் எங்கே?

ஆவணச் சோதனையில் வண்டியைப் பிடித்து வைப்பது 207-ஆம் பிரிவின் கீழ். ஓட்டுநர் உரிமம் இல்லாமை, ஓட்டும் வயது வராமை, பதிவு இல்லாமை, பர்மிட் இல்லாமை அல்லது பர்மிட் நிபந்தனையை மீறியது ஆகியவைதான் அந்தப் பிரிவு சொல்லும் காரணங்கள். ஹெல்மெட் போடாதது அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு அபராதம் உண்டு. பிடித்து வைத்தால் வண்டியைப் பத்திரமாக வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. வேலிக்காத்தான் முளைப்பது பத்திரமா?

குற்ற வழக்கில் கைப்பற்றிய வண்டிக்கு வேறு சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவுப்படி, பொருளைக் கைப்பற்றுவதையும் பட்டியல் போடுவதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும், செல்போனே போதும். 106-ஆம் பிரிவுப்படி, கைப்பற்றியதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். வைக்க இடம் இல்லை என்றால், கேட்கும்போது கொண்டுவருவதாக எழுதிக் கொடுப்பவரிடம் பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு பொருளை ஒப்படைக்கவும் அதே பிரிவு வழி செய்கிறது. "இடமில்லை, அதனால்தான் வெயிலில் நிற்கிறது" என்பவர்களுக்கு இந்த வரியைக் காட்டுங்கள். நீதிமன்றத்தில் ஒப்படைத்த பொருளுக்கு 14 நாளுக்குள் விவரப் பட்டியலும், அதன்பின் 30 நாளுக்குள் அதை என்ன செய்வது என்ற உத்தரவும் வேண்டும் என்கிறது 497-ஆம் பிரிவு.

இது புதிய சட்டம் தந்த சலுகை மட்டும் அல்ல. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 அக்டோபரிலேயே இதைச் சொல்லிவிட்டது. கைப்பற்றிய வண்டிகளை நீண்ட நாள் காவல் நிலையத்தில் நிறுத்தி வைப்பதில் பயன் இல்லை. தகுந்த பிணையும் உத்தரவாதமும் பெற்றுக்கொண்டு நடுவர்கள் உடனே உத்தரவிட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. சுற்றுச்சுவர் ஓரக் குவியல் குறையவில்லை.

மது, மணல் வழக்குகளில் சிக்கும் வண்டிகளுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. பறிமுதலும் ஏலமும் அவற்றின்படி நடக்கும். அவற்றை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வண்டி என்றால் நமக்கு என்ன?

இது எல்லோருக்கும் உள்ள பிரச்சினைதானே, தலித் பத்தியில் ஏன் என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

1901-ஆம் ஆண்டு, சிறுவனாக இருந்த அம்பேத்கர் தன் அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் தந்தையைப் பார்க்க கோரேகாவுக்குப் புறப்பட்டார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். அழைத்துப் போக யாரும் வரவில்லை. மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. கடைசியில் இரட்டிப்பு வாடகை கொடுத்து, மாட்டு வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். 1929-இல், சட்டம் படித்துப் பெரிய தலைவராகிவிட்ட பிறகும், சாலிஸ்கானில் குதிரை வண்டிக்காரர் அவரை ஏற்றி ஓட்ட மறுத்தார். ஓட்டிப் பழகாத மகார் ஒருவர் வண்டியை ஓட்ட, அது கவிழ்ந்து அம்பேத்கரின் காலில் அடிபட்டது. இரண்டையும் அவரே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்தவர் வண்டிக்குக் கையேந்தி நின்ற சமூகத்துக்குச் சொந்த வண்டி என்பது வெறும் வசதி அல்ல. ஊரில் கூலி வேலை மறுத்தாலும் நகரத்துக்குப் போய் வேலை பார்க்கலாம் என்ற தைரியத்தை அதுதான் கொடுக்கிறது. இதைச் சட்டமும் அறிந்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. அப்படி ஒரு பிரிவு எழுத வேண்டிய நிலை இந்த நாட்டில் இருந்தது, இன்னும் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காகத் தலித் மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள் என்ற புகார் தமிழ்நாட்டையே உலுக்கியது.

தெருவில் வண்டி ஓட்டும் உரிமைக்குச் சட்டம் காவல் நிற்கிறது. அதே வண்டி காவல் நிலையத்துக்குள் போய்விட்டால், அதை மீட்க நாம் மறுபடியும் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. நிலையத்துக்கு வந்தவர் எந்தத் தெருக்காரர் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். காலனி என்று சொன்ன பிறகு குரல் மாறுவதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுதிய விதி இல்லாத இடத்தில் சாதிதான் விதியாக உட்கார்ந்துகொள்ளும். கட்டணப் பலகை இருந்தால் அந்த எண் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பெங்களூருவில் நடந்தது

2022 தொடக்கத்தில் பெங்களூருவில் இழுவை வண்டி ஊழியர்களின் நடத்தை பெரிய விவாதமானது. தூக்கிச் செல்லும் வண்டியின் பின்னால் கெஞ்சியபடி ஓடும் இளைஞரின் வீடியோ பரவியது. மாற்றுத்திறனாளிப் பெண் ஒருவரைப் போக்குவரத்துக் காவலர் தாக்கிய சம்பவமும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில் கர்நாடக அரசு இழுவை முறையையே நிறுத்தி வைத்து, விதிகளை மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தது.

அங்கே கேமரா இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, கோபப்பட்ட நடுத்தர வர்க்கம் இருந்தது. நம் ஒன்றியத்தில் இரவு பத்து மணிக்கு வயக்காட்டுச் சாலையில் குட்டி யானையில் ஏறும் வண்டியை யாரும் படம் எடுப்பதில்லை. குரல் கேட்காத இடத்துக்குத்தான் விதி முதலில் வர வேண்டும்.

நாம் கேட்பது

மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் மாவட்ட ஆட்சியரும் சேர்ந்து நினைத்தால் செய்யக் கூடியவற்றையே கேட்கிறோம்.

ஒன்று: காவல் துறை அழைக்கும் ரெக்கவரி வண்டிகளுக்கு வெளிப்படையான பட்டியல் வேண்டும். விண்ணப்பம் வாங்கிச் சேர்க்க வேண்டும். முறை வைத்து அழைக்க வேண்டும். எந்தக் காவலருக்கும் உறவினர் வண்டி, வேண்டியவர் வண்டி என்று இருக்கக் கூடாது.

இரண்டு: இரு சக்கர வாகனம், ஆட்டோ, கார், டிராக்டர் என்று வகை பிரித்து, தூரத்துக்கு ஏற்றபடி கட்டணம் நிர்ணயித்து, நிலைய வாசலில் தமிழில் பலகை வைக்க வேண்டும். வண்டி நிலையத்தில் நிற்கும் நாட்களுக்கு வாடகை என்ற பேச்சே கூடாது. அங்கே நிறுத்தச் சொன்னது உரிமையாளர் அல்ல.

மூன்று: வண்டியை ஏற்றும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, பேட்டரி, கண்ணாடி, பெட்ரோல் அளவு, பெட்டியில் உள்ள பொருள் எல்லாம் குறித்து, உத்தரவிட்ட காவலரின் பெயரோடும் எண்ணோடும் ஒரு சீட்டுப் போட வேண்டும். அதன் நகல் உரிமையாளருக்குப் போக வேண்டும். அன்றே போனில் தகவல் சொல்ல வேண்டும். பணம் கொடுத்தால் ரசீது வேண்டும்.

நான்கு: உரிமையாளர் அங்கேயே இருந்து, வண்டியைத் தானே எடுத்துச் செல்ல முடியும், சட்டப்படி பிடித்து வைக்கக் காரணமும் இல்லை என்றால், தூக்கவே கூடாது.

ஐந்து: பாதிக்கப்பட்டவரின் வண்டியை அப்புறப்படுத்தும் செலவை அரசே ஏற்க வேண்டும். வன்கொடுமை வழக்குகளில் தாக்கப்பட்டவரின் வண்டி சாட்சிப் பொருளாக நிலையத்துக்குப் போகிறது. அடி வாங்கியவரே அந்த வாடகையையும் கட்டுவது எந்த நியாயத்திலும் சேராது.

ஆறு: இழுவை வண்டியில் வேலை செய்யும் பையன்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். நடுச்சாலையில், இருட்டில், இரத்தம் தோய்ந்த வண்டிக்குக் கயிறு கட்டுகிறவன் பல இடங்களில் நம் தெருப் பையன்தான். அவனுக்கு ஒளிரும் சட்டை கிடையாது, காப்பீடு கிடையாது. மக்கள் கோபத்தை வாங்கிக்கொள்வதும் அவன்தான். விதி வந்தால் அவனுக்கும் நிம்மதி.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பட்டியல் வெளிப்படையாக இருந்தால் நம் இளைஞர்களே ரெக்கவரி வண்டி வாங்கித் தொழில் செய்யலாம். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியம் தருகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

அதுவரை என்ன செய்வது?

விதி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. படித்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களோடு நிலையத்துக்குப் போங்கள். சண்டை வேண்டாம், சத்தமும் வேண்டாம். வண்டியைப் படம் எடுங்கள், கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் சேர்த்து. எந்தப் பிரிவில் வண்டி நிற்கிறது என்று கேளுங்கள். விபத்து வண்டியானால் ஆய்வு எப்போது முடிந்தது என்று கேட்டு, 136-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் மனு கொடுங்கள். மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். ரெக்கவரி வண்டிக்குப் பணம் கொடுத்தால் கையில் கொடுக்காமல் போன் வழியாக அனுப்புங்கள். அதுவே ஒரு சாட்சி.

நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தால் வக்கீல் பீஸுக்கு பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987 பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். என் சித்தப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் அந்த மனுவுக்கு இன்னொரு கைமாற்று வாங்கியிருக்க மாட்டார். அன்று ஊரில் இல்லாத நானும் பத்து நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடலாம். உங்கள் காவல் நிலையத்தில் எத்தனை வண்டிகள், எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பிரிவில் நிற்கின்றன? கடந்த ஆண்டு ரெக்கவரிக்கு எந்தெந்த வண்டிகளை அழைத்தார்கள், கட்டணத்தை நிர்ணயித்த உத்தரவின் நகல் எங்கே? 30 நாளில் பதில் வர வேண்டும். அப்படி ஓர் உத்தரவே இல்லை என்று பதில் வந்தாலும் அது நமக்குத் தேவையான பதில்தான். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டிய வன்கொடுமைத் தடுப்பு விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் உறுப்பினர்களைப் பாருங்கள். அடுத்த கிராம சபையில், நிலைய வாசலில் கட்டணப் பலகை வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். காலனிக்காரருக்கு மட்டுமா அந்தப் பலகை பயன்படும்? ஊர்த்தெரு விவசாயியின் டிராக்டருக்கும் அதே கட்டணம்தான். அவரும் கை தூக்குவார்.

சித்தப்பா மகன் இப்போது வேறு மேஸ்திரியிடம் வேலை செய்கிறான். வண்டிக்குப் புது பேட்டரி போட்டு, கண்ணாடி மாட்டி, டியூவையும் கட்டி முடித்துவிட்டான். சித்தப்பா கொடுத்த 2,500 ரூபாய்க்கு மட்டும் இன்றுவரை ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அந்தக் காகிதத்தைத்தான் நாம் கேட்கிறோம்.